வலது பின்னிருக்கை

வருகிறவருக்கு என் தாளில் பெயர் கிடையாது.
"விருந்தினர்" என்று மட்டும்.
எடை தொண்ணூற்றிரண்டு. இறால் ஆகாது.
தூக்க மாத்திரை உண்டு, மனைவிக்குத் தெரியாது.
சுரங்கக் கம்பெனியின் துணைத் தலைவர்,
லிமாவில் மூன்று இரவு.

அவர் வரும் முன்பே
அவருடைய பயணத்தை நான் போய் முடித்துவிட வேண்டும்.
அதற்குத்தான் சம்பளம்.

வில்பர் ஓட்டினான்.
நான் வலது பின்னிருக்கையில், அவராக.
காயாவோ விமான நிலையத்திலிருந்து
கடலோரச் சாலை வழியே இருபத்தாறு நிமிடம்,
ஆனால் மேலே நிற்கும் மண்பாறை கல் உதிர்க்கும்.
கல்லுக்கு யார் மேலும் பகை இல்லை,
அதனாலேயே அதைக் கணிக்க முடியாது.
ஊருக்குள்ளே போனால் ஐம்பத்தொன்று,
ஆறு சிக்னல்.
"நின்ற கார், பலகாரக் கடைக் கண்ணாடிப் பெட்டி,
சொராய்தா" என்றான் வில்பர்.
மூன்று முறை போனோம், மூன்று வேளையில்.
மழை பெய்யத் தெரியாத வானம்
கண்ணாடியில் மூச்சு விட்டுக்கொண்டே வந்தது.

விடுதியில் நான்காம் மாடி:
தெருவிலிருந்து ஏற முடியாத உயரம்,
தீயணைப்பு ஏணி எட்டும் உயரம்.
அவசரப் படிக்கட்டில் யாரோ அடுக்கிய நாற்காலிகளை
நானே தூக்கி வெளியே வைத்தேன்.
மருத்துவமனைக்கு ஒன்பது நிமிடம்,
வெள்ளிக்கிழமை மாலை என்றால் இருபத்திரண்டு.

பிறகு ரத்தம். ஓ நெகட்டிவ்.
இந்த ஊரில் யாரைக் குத்தினாலும் ஓ பாசிட்டிவ்தான் வரும்.
வங்கியில் இரண்டு பை, அதுவும் நிச்சயமில்லை என்றார்கள்.
துணிவெளுப்பு அறையில்
படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்த சத்துர்னினாவின்
அடையாள அட்டை திரும்பிக் கிடந்தது.
பின்பக்கத்தில் அச்சிட்டிருந்தது:
ஓ நெகட்டிவ்.

ஒன்பதாம் பக்கத்தில் அவள் பெயரை எழுதினேன்.
அவளிடம் கேட்கவில்லை.
மேலாளரிடம் சொல்லி அவள் விடுப்பை மாற்றினேன்,
மூன்று இரவும் கட்டடத்திலேயே இருக்கும்படி.
"ஞாயிறு என் மகளுக்கு முதல் நன்மை" என்றாளாம்.
மேலிடத்து உத்தரவு என்றார்களாம்.
அந்த மேலிடம் நான்தான்,
கீழே கார் நிறுத்துமிடத்தில்
கேமரா எண்ணிக்கொண்டிருந்தேன்.

திங்கள் காலை செய்தி வந்தது:
விருந்தினர் வரவில்லை. காணொளியில் பேசிக்கொள்வார்.
நன்றி.

நாற்பத்தோரு பக்கம்.
ஒரு விரலில் மூடினேன்.
அந்தக் கூட்டத்தில் அவர் முகத்துக்குப் பின்னால்
புத்தக அலமாரி இருந்ததாம்,
நன்றாகத் தூங்கியவர் போல் இருந்தாராம்.

குண்டு துளைக்காத காருக்கு
வெள்ளி வரை வாடகை கட்டியாயிற்று.
சும்மா நிற்கிறது.
இரவு பத்து மணிக்கு வேலையாட்கள் வாசலில்
சத்துர்னினா மினிபஸ்ஸுக்குக் காத்திருந்தாள்.
ஏறுங்கள் என்றேன்.
ஏன் என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு
என்னிடம் ஒன்பதாம் பக்கம் இருந்தது.
சொல்லவில்லை. "வழிதானே" என்றேன்.
வழியே இல்லை அது.

வலது பின்னிருக்கையில் உட்கார்ந்தாள்,
பையை மடியில் வைத்து, முதுகு சாயாமல்.
சிக்னலில் ஒரு பையன் சூடான பிக்கரோன் விற்றான்.
கண்ணாடியை இறக்கப் பார்த்தாள்.
இறங்காது என்றான் வில்பர்.
கதவைத் திறக்கப் பார்த்தாள், கனத்தது.
"இதற்குள்ளே இருப்பவருக்குப்
பசித்தால் என்ன செய்வார்?" என்றாள்.
தாளில் அதற்கு விடை இல்லை.
வில்பர் தன் பக்கம் இறங்கி ஓடிப்போய் வாங்கி வந்தான்,
நின்ற காரை நடுத்தெருவில் விட்டுவிட்டு.
இருபது வருஷப் படிப்பும் பயிற்சியும்
ஒரு தேன் வடியும் பொட்டலத்தில் போயிற்று.

வில்லா மரியாவின் மேட்டில்
தார் முடிந்த இடத்தில் இறங்கினாள்.
மேலே படிக்கட்டு, மஞ்சள் வண்ணம் பூசியது.
அவள் விளக்கு எரியும் வரை நின்றோம்.

பழக்கதோஷம், குறித்துக்கொண்டேன்:
ஐம்பத்தெட்டு நிமிடம்.
எரியாத தெருவிளக்கு பதினொன்று.
நாய் மூன்று, ஒன்று நொண்டி.
படிகள் நூற்று நாற்பது.
அருகில் மருத்துவமனை:
அந்தக் கட்டத்தை
இன்னும் நிரப்பவில்லை.